கோத்தகிரிக்கு மின்சாரக் கார்: ஏற்றத்தைவிட இறக்கத்தைக் கவனியுங்கள்

கோவையில் குடியிருந்துகொண்டு, மாதத்துக்கு மூன்று முறையாவது கோத்தகிரியில் உள்ள பெற்றோரைப் பார்க்கக் குடும்பத்துடன் வந்துபோகும் ஒருவர், தம்முடைய பெட்ரோல் காரை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். மலை ஏறி முடிப்பதற்குள் பாதி சார்ஜ் தீர்ந்துவிடும் என்று அவருடைய மைத்துனர் பயமுறுத்தியிருக்கிறார். பெற்றோரின் பழைய வீட்டில் காரைச் சார்ஜ் செய்யலாமா, ஆனி ஆடிக் காற்றில் மரம் விழுந்து இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் போனால் என்ன செய்வது, மின்சார ஸ்கூட்டரிலேயே ஊருக்கு வந்துவிடலாம் என்று தம்பி சொல்வது நடக்குமா என்பவை அவருடைய மற்றக் கேள்விகள். மின்பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையிலும், இதே பாதையில் நான்கு ஆண்டுகளாக மின்சாரக் காரில் ஏறி இறங்குகிறவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாராளமாக வாங்கலாம். மைத்துனர் ஏற்றத்தைப் பற்றிச் சொன்னது பெரும்பாலும் உண்மை. ஆனால் உங்கள் கவலை ஏற்றத்தைப் பற்றியதாக மட்டும் இருந்துவிடக் கூடாது. இந்த மலையில் மின்சாரக் கார் ஓட்டுகிறவர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் இறக்கத்தில்தான் இருக்கிறது.

முதலில் ஏற்றத்தின் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு டன் எடையை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 2.7 யூனிட் மின்சாரம் வேண்டும். கார் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், பாதை எத்தனை வளைவுகள் கொண்டதாக இருந்தாலும் இந்த எண் மாறாது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்திலும், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், இரண்டுக்கும் நடுவிலுள்ள 33 கிலோமீட்டர் பாதையில் நாம் ஏறும் உயரம் கிட்டத்தட்ட 1,450 மீட்டர். காரின் எடை 1,500 கிலோ, நான்கு பேரும் அவர்களுடைய பைகளும் 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 1.8 டன்னை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் ஏழு யூனிட்டுக்குச் சற்று அதிகமாகத் தேவைப்படுகிறது. டயர் உருள்வதற்கும் காற்றைத் தள்ளுவதற்கும் ஆகும் இரண்டு யூனிட்டையும், மோட்டாரிலும் பேட்டரியிலும் வெப்பமாக வீணாவதையும், விளக்கு, வைப்பர் போன்றவற்றின் செலவையும் சேர்த்தால், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வந்து சேர ஏறக்குறைய 11 யூனிட் ஆகும் என்று கொள்ளலாம். அதற்கு முன் கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரையுள்ள சமவெளிப் பாதைக்கு ஏசியுடன் ஐந்து யூனிட் ஆகும். ஆக, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை 16 யூனிட்.

பேட்டரி 30 யூனிட் கொள்ளளவு உடையது என்றால் பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும். 40 யூனிட் உடையது என்றால் நாற்பது சதவீதம் போயிருக்கும். மைத்துனர் சொன்னது இதைத்தான். காரின் திரையில் எஞ்சிய தூரம் என்று காட்டும் எண்ணும் அவர் பக்கமே பேசும். மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அந்த எண் மளமளவென்று இறங்குவதைப் பார்த்துப் பலர் கலங்கிவிடுகிறார்கள். கடைசியாக ஓடிய சில கிலோமீட்டரின் செலவை வைத்தே பெரும்பாலான கார்கள் மீதித் தூரத்தைக் கணிக்கின்றன. எதிரே இருப்பது மலையா சமவெளியா என்று அவற்றுக்குத் தெரியாது. மலைப்பாதையில் அந்தத் தூரத்தைப் பார்க்காமல், சதவீதத்தை மட்டும் பார்த்து ஓட்டுங்கள்.

இப்போது திரும்பி வரும் கணக்கு. மேலே தூக்கி வைத்த ஏழு யூனிட் எங்கும் போய்விடவில்லை; அது உயரமாக உங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. பைக்காராவின் தண்ணீரை மலைச்சரிவில் இறக்கிச் சிங்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1932இல். இப்போது குந்தாவில் 500 மெகாவாட் திட்டமொன்றுக்காகக் கட்டுமானம் நடக்கிறது. மின்சாரம் மிகையாக இருக்கும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, தேவை கூடும் நேரத்தில் அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பதுதான் அதன் வேலை. மின்சாரக் காரும் இறக்கத்தில் அதையே செய்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியபடியே பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. ரீஜென் என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். டயர் உருள்வதில் போவதும் மாற்றத்தில் வீணாவதும் கழிந்து, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது மூன்று முதல் நான்கு யூனிட் வரை பேட்டரிக்கு வந்து சேரும். அதன் பிறகு கோவை வரை ஐந்து யூனிட் செலவு. ஆகவே ஊருக்கு வர 16 யூனிட் கேட்ட அதே கார், திரும்பிப் போக ஒரு யூனிட்டிலிருந்து இரண்டு யூனிட்டுக்குள் முடித்துக்கொள்கிறது. போக வர 140 கிலோமீட்டருக்கு மொத்தம் 18 யூனிட் என்பது சமவெளியில் ஓடும் செலவிலிருந்து பெரிதாக வேறுபட்டதல்ல. பெட்ரோல் காரும் கியரில் இறங்கும்போது எரிபொருளைச் செலவிடுவதில்லை. ஆனால் ஏற்றத்தில் எரித்ததில் ஒரு சொட்டைக்கூட அது திருப்பித் தராது. அத்துடன் கோத்தகிரி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அந்த அளவுக்கு வலுவிழக்கும். மோட்டாருக்கு அந்தக் குறை கிடையாது.

இனி எச்சரிக்கை. கார் வாங்கிய முதல் மாதத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மறுநாள் காலை கோவைக்குப் போக வேண்டியிருந்ததால், முந்தைய இரவு கோத்தகிரி வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டு, விடியற்காலையில் 100 சதவீதம் என்று காட்டுவதைப் பார்த்து நிறைவோடு புறப்பட்டேன். ஊரைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் வழக்கம்போல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எப்போதும் பின்னாலிருந்து ஒரு கை இழுத்துப் பிடிப்பதுபோல் வேகம் தணியும் கார், அன்று நியூட்ரலில் விட்டதுபோல் ஓடத் தொடங்கியது. திரையில் ரீஜெனைக் காட்டும் பச்சைக் கோடு எழும்பவே இல்லை. அரவேனு தாண்டிய பிறகு ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினேன். குஞ்சப்பனைக்கு முன்பே, துணி கருகுவது போன்ற வாடை காருக்குள் வந்துவிட்டது; பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. ஒரு தேநீர்க் கடை ஓரமாக நிறுத்தி, முன் சக்கரத்தின் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனேன். ஒரு சாண் தள்ளியே, அடுப்புக் கதவைத் திறந்ததுபோல் அனல் அடித்தது. சக்கரத்தில் ஊற்றச் சொல்லிக் கடைக்காரர் ஒரு குடம் தண்ணீரை எடுத்து வந்தார், வேண்டாமென்று தடுத்துவிட்டேன். கொதித்துக் கிடக்கும் டிஸ்க்கில் குளிர்ந்த நீர் பட்டால் அது வளையவோ விரிசல் விடவோ கூடும். முக்கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் கிளம்பினேன்.

காரில் எந்தக் கோளாறும் இல்லை. நிரம்பிய பேட்டரியில் மேலும் மின்சாரத்தைத் திணிக்க முடியாது என்பதால், அதன் கட்டுப்பாட்டு அமைப்பு ரீஜெனை நிறுத்தி வைத்திருந்தது. நிரம்பிய குடத்துக்கு மேல் குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் வெளியேதான் வழியும். சமவெளியில் இருப்பவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். அங்கே முழு சார்ஜில் கிளம்பினாலும் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியதும் பேட்டரியில் இடம் உண்டாகி ரீஜென் தானே வந்துவிடும். மலையுச்சியிலிருந்து கிளம்பும் காரோ இறக்கத்தில் எதையுமே செலவிடுவதில்லை. ஆகவே இடமும் உண்டாவதில்லை. மேட்டுப்பாளையம் வரை 100 சதவீதம் அப்படியே இருக்கும். உருள்வதில் போனது போக மீதி ஐந்து யூனிட் ஆற்றலும் பிரேக்கில் வெப்பமாகித்தான் தீர வேண்டும். ஐந்து யூனிட் என்றால் ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம். அது ஒரு மணி நேரத்துக்குள் நான்கு சக்கரங்களிலுள்ள சிறு தட்டுகளில் இறங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். போதாக்குறைக்கு, மின்சாரக் கார் அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட இருநூறு முந்நூறு கிலோ எடை கூடியது. பெட்ரோல் காரில் இரண்டாவது கியர் என்ற துணை எப்போதும் உண்டு. மலைப்பாதை நெடுகிலும் இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று பலகை வைத்திருப்பது அதனால்தான். பெரும்பாலான மின்சாரக் கார்களில் மாற்றிக்கொள்ள இன்னொரு கியரே கிடையாது. ரீஜென்தான் அதன் இரண்டாவது கியர். முழு சார்ஜுடன் மேலிருந்து கிளம்புகிறவர் அந்தக் கியரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

ஆகவே கோத்தகிரியில் எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். காரிலோ அதன் செயலியிலோ இந்த வரம்பை வைக்க வசதி இருந்தால், ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள். இறக்கத்தில் வந்து சேரும் நான்கு யூனிட் என்பது 30 யூனிட் பேட்டரியில் 13 சதவீதம். பேட்டரி நிறைவை நெருங்க நெருங்க ரீஜெனின் வலுவும் குறையும் என்பதால் அதற்கும் சிறிது இடம் விட வேண்டும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரியை அவ்வப்போது முழுதாக நிரப்பும்படி பல நிறுவனங்கள் சொல்கின்றன. அதைக் கோவையில் செய்துகொள்ளுங்கள். தவறிப்போய் 100 சதவீதமாகிவிட்டால், அவசரம் இல்லாத நாளில் கட்டபெட்டுப் பக்கம் ஒரு வேலையை முடித்துவிட்டு வரலாம், அல்லது ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு இரண்டு மூன்று யூனிட்டைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் நேரமில்லை என்றால் மெதுவாக, பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல் அழுத்தி விட்டு அழுத்தி விட்டு, வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆற வைத்து இறங்குங்கள்.

எந்த நிலையிலும் நியூட்ரலில் போட்டு இறக்காதீர்கள். பெட்ரோலை மிச்சம் பிடிப்பதற்காக எஞ்சினை அணைத்து இறக்கும் பழைய பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. பெட்ரோல் காரில் அப்படிச் செய்தால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் எஞ்சின் தரும் துணை போய்விடும். மின்சாரக் காரில் நியூட்ரல் போட்டால் ரீஜென் போய்விடும். ரீஜெனில் பல அளவுகள் இருந்தால், இறக்கம் தொடங்கும் முன்பே உச்ச அளவில் வைத்துவிடுங்கள். இன்னொன்று, ரீஜெனிலேயே ஓட்டுவதால் பிரேக்குக்கு வேலை குறைந்து, மழைக்கால ஈரத்தில் டிஸ்க் துருவேறும். கிளம்பியதும் பின்னால் வண்டி இல்லாத இடத்தில் இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்தி, அது சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் பேட்டரி விறைத்திருந்தாலும் ரீஜென் சற்றுக் குறையும்; கோத்தகிரியில் இது அரிது, உறைபனி விழும் தை மாதக் காலையில் ஊட்டியிலிருந்து கிளம்பினால் முதல் சில கிலோமீட்டர் கவனம் வேண்டும்.

சத்தமில்லாத கார் என்பதும் இந்தப் பாதையில் கவனிக்க வேண்டியதே. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலைக்கு வரும். கோத்தகிரியைச் சுற்றி இரவில் காட்டெருமைகள் தேயிலைத் தோட்டத்திலிருந்து சாலையில் இறங்கி நிற்கும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு விலகிப் பழகிய விலங்குகளுக்கு நீங்கள் வருவது தெரியாது. வளைவுகளில் வேகத்தைக் குறைப்பதுதான் வழி. ஹார்ன் அடித்து மிரட்டக் கூடாது.

தம்பியின் ஸ்கூட்டர் விஷயம். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ என்றால், மலை ஏற மட்டும் ஒன்றே முக்கால் யூனிட் ஆகும். மூன்று யூனிட் பேட்டரியில் அது பாதிக்கு மேல். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வருவதற்கே ஒரு யூனிட் போயிருக்கும். மேட்டுப்பாளையத்தில் இரண்டு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கொண்டு ஒருவராக வந்தால் முடியும். நீண்ட ஏற்றத்தில் மோட்டார் சூடாகி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் வண்டிகளும் உண்டு. பின்னால் பேருந்து வந்துகொண்டிருக்கும் வளைவில் அப்படி நேர்வதை நான் விரும்ப மாட்டேன். வாரந்தோறும் வருவதற்கு ஸ்கூட்டரைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. கோத்தகிரிக்குள் ஓட்டுவதற்கு அது மிக நல்ல வண்டி.

பெற்றோர் வீட்டில் சார்ஜ் செய்வதைப் பற்றி. 40 யூனிட் பேட்டரி உள்ள கார் வாங்கினால், மேலே சார்ஜ் போடாமலேயே போய் வந்துவிடலாம். ஆனாலும் மழைக்காலத்தில் மண் சரிந்து ஒரு பாதை அடைபட்டு, குன்னூரைச் சுற்றி இறங்க நேரலாம் என்பதால், கையிருப்பு இருப்பது நல்லது. காருடன் தரும் கையடக்கச் சார்ஜர் 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் போலக் கொடுக்கும். மூன்றரை மணி நேரத்தில் பத்து யூனிட் ஏறிவிடும். மூன்றரை மணி நேரம் இடைவிடாமல் அவ்வளவு மின்சாரம் ஓடுவதைத்தான் பழைய வயரிங் தாங்குவதில்லை. அயர்ன் பாக்ஸும் மிக்ஸியும் சில நிமிடங்கள் ஓடி நிற்பவை. கெய்சர்கூடக் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். நான் பார்த்த பழைய வீடுகளில் பிளக்கின் துளைகளைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஏறியிருப்பதும், பின்னைப் பிடுங்கும்போது அதன் ஒரு கால் கறுத்திருப்பதும் சாதாரணம். உள்ளே பிடிப்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அந்தப் பிளக்கில் காரை மாட்டாதீர்கள்.

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, மீட்டர் பலகையிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி இணைப்பு இழுத்து, அதற்கென்று, அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் தனி எம்சிபியும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும், தொழில்துறை வகைச் சாக்கெட்டும் போடச் சொல்லுங்கள். எர்த் குழியைப் புதுப்பிக்கவும் சொல்லுங்கள். பல பழைய வீடுகளில் எர்த் கம்பி எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது, பெரும்பாலான கார்ச் சார்ஜர்கள் எர்த் சரியில்லை என்றால் வேலையே செய்யாது. எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டவே வேண்டாம். முதல் நாள் அரை மணி நேரம் சார்ஜ் ஓடியதும் அதை அணைத்துவிட்டு, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, விரல் தங்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள். மாலையில் ஊரெல்லாம் கெய்சர் ஓடும்போது மின்னழுத்தம் தாழ்ந்து சார்ஜர் நின்று நின்று ஓடும். இரவு பத்து மணிக்கு மேல் போடுவது உத்தமம். பில்லைப் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். இரண்டு மாதத்தில் ஆறு முறை வந்து பத்துப் பத்து யூனிட் ஏற்றினால் அறுபது யூனிட் கூடும். வீட்டின் மொத்தச் செலவு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டினால் கட்டண அட்டவணையே உயர்ந்ததாக மாறிவிடும்.

கடைசியாக மின்தடை. வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து காரைச் சார்ஜ் செய்ய நினைக்காதீர்கள்; 150 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பதே இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. மறுபக்கம் பாருங்கள்: காரில் வெளியே மின்சாரம் எடுக்கும் வசதி இருந்தால், அது உங்கள் பெற்றோருக்குப் பெரிய உதவி. வி2எல் என்று கார்க்காரர்கள் குறிப்பிடும் இந்த வசதியைக் கார் வாங்கும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். விளக்கு, ஃபிரிட்ஜ், தொலைபேசி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு மூன்று யூனிட் போதும். 40 யூனிட் பேட்டரியில் பாதி இருந்தாலும், இறங்கிப் போவதற்கு ஐந்தாறு யூனிட்டை வைத்துக்கொண்டு, நான்கு நாள் வீட்டை நடத்தலாம். கெய்சரையும் ரூம் ஹீட்டரையும் மட்டும் அதில் மாட்டாதீர்கள். சூடாக்கும் கருவிகள் ஒரே மாலையில் அந்த நான்கு நாளையும் தின்றுவிடும், வெந்நீருக்கு எரிவாயு அடுப்பு இருக்கிறது.

அந்த மின்சாரத்தைக் காரிலிருந்து தனிக் கம்பி வழியாக நேராக அந்தந்தக் கருவிக்குக் கொடுங்கள். இரு முனையிலும் ஆண் பின் வைத்த ஒரு கம்பியைச் செய்து, வீட்டுச் சாக்கெட்டில் செருகி வீடு முழுவதும் விளக்கெரிய வைக்கலாம் என்று சொல்லித் தருகிறவர்கள் இருப்பார்கள்; அதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். மெயின் சுவிட்ச் அணைக்கப்படாமல் இருந்தால் அந்த மின்சாரம் மீட்டர் வழியாக வெளியேறித் தெரு மின்கம்பிக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மரில் பின்னோக்கி ஏறி உயர் அழுத்தமாகும். அதே நேரத்தில், மழையில் நனைந்தபடி, விழுந்த சவுக்கு மரத்தை வெட்டி அகற்றிவிட்டு, லைன் அணைந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் ஒரு லைன்மேன் கம்பத்தின் மேல் நின்றுகொண்டிருப்பார்.